பீட்ரூட் என்று நினைத்தேன்

கேத்தியில் பீட்ரூட் பிடுங்கும் நாட்களில் விலை போகாத கிழங்கெல்லாம் எங்கள் அடுப்புக்குத்தான் வரும். அதைத் தின்றால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். எனக்கும் சிவந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, இரண்டு நாளில் நின்றும் போனது. விட்டுவிட்டேன். அப்புறம் ஒருமுறை வந்தபோது, வீட்டில் பத்து நாளாகப் பீட்ரூட்டே சமைக்கவில்லை என்பது என் மனைவிக்குத்தான் உறைத்தது. "கேரட்டுல ஒரு இலை மஞ்சளானாக்கூட புடுங்கிப் பாக்குறீங்க, இத ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள். அதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது.

ஊட்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் 8 செ.மீ. கட்டி. புற்றுநோய்.

'பத்து வருடமாக நஞ்சில்லாமல் விளைவித்துச் சாப்பிடுகிறோம், நமக்கு எப்படி?' என்றுதான் முதலில் கேட்டேன். இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் புகை, உடல் பருமன், ரத்தக் கொதிப்பு என்றார் மருத்துவர். உருளைக்கிழங்குக்கு முன்பு நான் அடித்த மருந்தைப் பற்றியும் கேட்டேன். ஒருவருக்கு இன்னதால் வந்தது என்று கை காட்ட முடியாது என்றார். எனக்கு இருபது வருடம் பீடி இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை.

கட்டி சிறியதாக, 4 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள். எனக்கு முழுச் சிறுநீரகமும் போனது. மற்றப் புற்றுகளுக்குக் கொடுக்கும் வழக்கமான கீமோ இதில் அதிகம் பலிப்பதில்லை. நோய் பரவியவர்களுக்குக் கட்டிக்கு ரத்தம் போவதைத் தடுக்கும் மாத்திரைகளும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகளும் இருக்கின்றன. எனக்குப் பரவவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு மண்வெட்டி பிடிக்கிறேன். பிரஷரைக் கவனிக்கிறேன், மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதில்லை, குறித்த தேதியில் ஸ்கேனுக்குப் போகிறேன்.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் போங்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் சமவெளியிலிருந்து நம் உழவர் நண்பர் ஒருவர் வந்தார். "கத்தி வேண்டாம்ணே, ஆடுதீண்டாப்பாளை கசாயம் குடிங்க" என்றார். அன்புதான். ஆனால் பூச்சி விரட்டிக்கு நாம் ஊறப்போடும் இந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே பட்டியலிட்டிருக்கிறது. டான்யூப் ஆற்றங்கரை ஊர்களில் கோதுமை வயலில் களையாக முளைத்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்து, ரொட்டி தின்ற குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் கெட்டது, சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. 1990களில் பெல்ஜியத்தில் இளைக்கச் சாப்பிட்ட மூலிகை மாத்திரையில் இதன் இனம் ஒன்று கலந்து நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஈஸ்வரமூலியும் இதே குடும்பம்தான்.

ஆடு தொடாததை நான் குடிக்கவா என்று நண்பரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தார். இப்போது ஊறல் கலக்கும்போது அவர் கையுறை போடுகிறார்.