பத்து வெள்ளி கற்பித்த பாடம்

தாப்பாவைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அங்குப் பால்மரம் சீவிய நம் முன்னோர் பலருக்குச் சம்பள நாள் என்பது கடன் தீர்க்கும் நாளாகவே இருந்தது. மளிகைக் கடைக் கணக்கை அடைத்தபின் கையில் மிஞ்சியது சொற்பமே.

நாடு சுதந்திரம் அடைந்த காலக்கட்டத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். இதனால், பாட்டாளிகள் பலர் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர்.

இந்நிலையில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் தோட்டந்தோறும் சென்று பாட்டாளிகளிடம் பேசினார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். தனியொருவரால் தோட்டம் வாங்க இயலாது. பலரின் சிறு தொகை ஒன்றுசேர்ந்தால் இயலும் என்பதே அவர் கற்பித்த பாடம். மறு ஆண்டே, கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பதைப் பாட்டாளிகள் முன்பே அறிந்திருந்தனர். எவ்வளவு, எப்போது, எங்கே சேமிப்பது என்பதற்கு வழி கிடைத்தபோதுதான் அந்த அறிவு செயலாயிற்று.

இன்றைய ஆய்வுகளும் இதையொட்டிய உண்மையைக் காட்டுகின்றன. 33 நாடுகளில் நடத்தப்பட்ட 76 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சோதனைகளில் 160,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நிதிக் கல்வி பெற்றவர்களின் அறிவு வளர்ந்தது. சேமித்தல், வரவு செலவைத் திட்டமிடுதல் போன்ற பழக்கங்களும் மேம்பட்டன. ஆயினும், அறிவில் ஏற்பட்ட வளர்ச்சியைவிடப் பழக்கத்தில் ஏற்பட்ட மாற்றம் குறைவாகவே இருந்தது. அறிவதற்கும் செய்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பது இதனால் புலப்படுகிறது.

இன்று கைப்பேசியிலேயே பொருள் வாங்கிவிட்டுப் பின்னர்த் தவணையில் பணம் செலுத்தலாம். கடன் வாங்குவது எளிதாகிவிட்டது, அடைப்பது எளிதாகவில்லை. கடனில் தத்தளிப்போருக்கு உதவ, பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. அது நிதி நிர்வாகத்தையும் கற்பிக்கிறது.

கடனில் சிக்கியபின் ஆலோசனை தேடுவதைவிட, முன்னரே நல்ல பழக்கத்தை வளர்த்துக்கொள்வது நன்று. கையில் பணம் வந்த அன்றே, ஒரு வெள்ளியானாலும் சேமிப்பில் போட்டுவிடுங்கள். அன்று தோட்டத்தையே வாங்கிய பணமும் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்ததுதான்.