இறையியல் ஆய்விதழ்களில் அறிஞர் மதிப்பீடும் வெளியீட்டு அறமும்

ஆய்விதழ் ஒன்று ஒரு கட்டுரையை ஏற்று வெளியிடுமாயின், அக்கட்டுரை கூறும் முடிபுக்கு அவ்விதழ் எவ்வளவு பொறுப்புடையது? முடிபு முழுவதும் கட்டுரையாசிரியரையே சாரும் என்பர் ஒரு சாரார்; வெளியிட்டார்க்கும் அதிற் பங்குண்டு என்பர் மற்றொரு சாரார். இறையியல் துறையில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அங்கு ஆராயப்பெறும் நூல்கள் கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கைக்கு நிலைக்களமானவை. ஆதலின், ஆய்வாளர் கூறும் ஒரு சொல் ஆய்வு மன்றத்தின் எல்லையோடு நில்லாது நாடெங்கும் பரவுகின்றது. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு இறையியல் ஆய்விதழில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

அறிஞர் மதிப்பீட்டின் இயல்பு

இதழுக்கு வரும் கட்டுரையை அத்துறையில் வல்ல பிற அறிஞர்க்கு விடுத்து, அவர்தம் கருத்தைப் பெற்ற பின்னர், ஏற்பதா மறுப்பதா எனப் பதிப்பாசிரியர் துணிவதே அறிஞர் மதிப்பீடு எனப்படும். 1665இல் இலண்டனில் ஹென்றி ஆல்டன்பர்க் அறிவியல் இதழைத் தொடங்கியபோது இம்முறை இன்றுள்ள வடிவில் அமைந்திருக்கவில்லை. 1830ஆம் ஆண்டுகளில்தான் இலண்டன் ராயல் கழகம் எழுத்து வடிவான மதிப்பீட்டறிக்கைகளைப் பெறத் தொடங்கியது. பின்னர் இம்முறை படிப்படியாகப் பிற துறைகளுக்கும் பரவிற்று. மதிப்பிடுவோர் பெயரைக் கட்டுரையாளர் அறியாதிருத்தல் பெருவழக்கு. கட்டுரையாளர் பெயரை மதிப்பிடுவோரும் அறியாதிருத்தல் சில இதழ்களின் வழக்கு.

இம்முறையால் காணத்தக்கன சில, காணவியலாதன சில. வாதம் முறையாக அமைந்துள்ளதா, முன்னோர் ஆய்வுகள் கருதப்பெற்றுள்ளனவா, மேற்கோள்கள் பொருந்துகின்றனவா என்பவற்றை மதிப்பிடுவோர் காணவியலும். ஆனால், கட்டுரை ஒரு பழம்பொருளைப் பற்றியதாயின், அவர் முன் இருப்பது அப்பொருளைப் பற்றிய எழுத்தும் ஒளிப்படமுமே; பொருள் அன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது யாது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டும்.

ஒரு துணுக்கின் வரலாறு

2012 செப்டம்பர் 18ஆம் நாள் உரோமை நகரில் கூடிய காப்டிக் ஆய்வு மாநாட்டில், ஹார்வர்டு இறையியல் கல்லூரிப் பேராசிரியர் கேரன் கிங் ஒரு சிறு பாப்பிரஸ் துணுக்கைப் பற்றி அறிவித்தார். அதன் அளவு ஏறத்தாழ 4 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் ஆகும். காப்டிக் மொழியில் அமைந்த அதன் முறிந்த வரிகளுள் ஒன்றில், இயேசு 'என் மனைவி' என்று கூறுவதாகச் சொற்கள் காணப்பட்டன. இயேசு மணம்புரிந்தவர் என்பதற்கு இது சான்றாகாது என்றும், பிற்காலக் கிறித்தவருள் சிலர் அவ்வாறு கருதினர் என்பதையே காட்டும் என்றும் கிங் விளக்கினார். எனினும், அவர் அத்துணுக்கிற்கு இட்ட 'இயேசுவின் மனைவி நற்செய்தி' என்னும் பெயரே உலகெங்கும் பரவியது.

ஐயங்கள் உடனே எழுந்தன. அத்துணுக்கின் சொற்றொடர்கள், 1945இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட சுவடிகளுள் ஒன்றாகிய தோமா நற்செய்தியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டப்பட்டவை என்று தர்ராம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரான்சிஸ் வாட்சன் அம்மாதத்திலேயே எடுத்துக்காட்டினார். அடுத்து ஆண்ட்ரு பெர்ன்ஹார்டு என்பார் மேலும் நுட்பமான ஒன்றைக் கண்டார். துணுக்கின் முதல் வரியில், 'உயிர்' எனப் பொருள்படும் சொல்லுக்கு முன் செயப்படுபொருளை உணர்த்த வரவேண்டிய ஓர் எழுத்து இல்லை. தோமா நற்செய்திக்கு மொழிபெயர்ப்போடு 2002இல் கணினிவழி வெளியிடப்பட்ட ஒரு பதிப்பிலும் அதே இடத்தில் அவ்வெழுத்து அச்சுப்பிழையால் விடுபட்டிருந்தது. பழங்காலத்து எழுத்தாளன் இக்காலத்து அச்சுப்பிழையைப் பின்பற்றியிருத்தல் இயலாது. நம் மொழியில் இரண்டாம் வேற்றுமை உருபு ஆற்றும் தொழிலை ஒத்ததொரு சிற்றுறுப்பு இல்லாமை, ஒரு சுவடியின் காலத்தையே துணிய உதவியது என்பது கருதத்தக்கது.

2013 சனவரியில் வெளிவருவதாக இருந்த கட்டுரை, அறிவியல் சோதனைகளின் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டு, 2014 ஏப்ரலில் வெளிவந்தது. கரிமக் காலக்கணிப்பின்படி பாப்பிரஸ் தாள் கி.பி. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினது. மையும் பண்டைக் கரிமையின் இயல்பினது என்று சோதித்தோர் கூறினர். ஆனால், தாள் பழையது என்பதால் எழுத்தும் பழையது ஆகாது. வெறும் பழந்தாள் வணிகர்வழிக் கிடைப்பது. புகைக்கரியைக் கொண்டு மை செய்தலும் அரிதன்று.

அதே மாதத்திலேயே கிறிஸ்டியன் ஆஸ்க்லண்டு என்னும் ஆய்வாளர், அவ்வுடைமையாளரிடமிருந்து வந்த மற்றொரு துணுக்கை ஆராய்ந்தார். அஃது யோவான் நற்செய்தியின் பகுதி. கையெழுத்தும் மையும் முதல் துணுக்கினை ஒத்தன. அதன் வரிகளோ, 1924இல் ஹெர்பர்ட் தாம்சன் பதிப்பித்த நூலின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்பற்றி முறிந்தன. மேலும், அது எழுதப்பட்டிருந்த கிளைமொழி, தாளின் காலத்திற்கு முன்னரே வழக்கொழிந்தது. இத்துணுக்கு போலி எனின், அதே கையால் எழுதப்பட்ட மற்றதும் போலியாதல் வேண்டும். 2015இல் 'புதிய ஏற்பாட்டு ஆய்வுகள்' என்னும் இதழ் இக்கருத்தை நிறுவும் கட்டுரைகளை ஒருங்கே வெளியிட்டது. 2016இல் ஏரியல் சபார் என்னும் செய்தியாளர், துணுக்கின் உடைமையாளர் புளோரிடாவில் வாழ்பவர் என்றும், முன்னர்ப் பெர்லின் நகரில் எகிப்தியல் பயின்றவர் என்றும் கண்டு எழுதினார். அதன் பின்னர்க் கிங்கும் துணுக்கு போலியாதலே பொருந்தும் என ஒப்பினார்.

மதிப்பீடு தளர்ந்த இடங்கள்

இந்நிகழ்ச்சியில் அறிஞர் மதிப்பீடு நடைபெறாமல் இல்லை. அது நடைபெற்றும் காவாதது ஏன் என்பதே வினா. மூன்று இடங்களை ஈண்டுச் சுட்டலாம்.

முதலாவது, ஐயத்தின் நிலை. 2012இல் கட்டுரையை மதிப்பிட்ட மூவருள் இருவர் துணுக்கின் உண்மைத் தன்மையில் ஐயம் எழுப்பினர், ஒருவரே ஏற்றார். முழுச் சோதனை நிகழுமுன்னரே பொது அறிவிப்பு நிகழ்ந்தது. மதிப்பீட்டில் எழும் ஐயம் கட்டுரையாளர்க்குத் தெரிவிக்கப்படுதல் மட்டும் போதாது. அது தீரும்வரை அறிவிப்பும் காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நலமுரண். கட்டுரையை ஏற்ற மதிப்பீட்டாளர், துணுக்கு மெய்யானது எனக் கிங்கிற்கு முன்னரே கருத்துரைத்தவர் என்றும், மையையும் தாளையும் சோதித்தோருள் ஒருவர் கிங் குடும்பத்தின் நெடுநாள் நண்பர், மற்றொருவர் அம்மதிப்பீட்டாளரின் உறவினர் என்றும் 2020இல் வெளியிட்ட நூலில் சபார் எழுதியுள்ளார். உறவுடையார் கூறுவன எல்லாம் பொய் ஆகா. ஆயின், உறவு வெளிப்படையாகக் கூறப்படாவிடின், படிப்போர் அச்சான்றின் எடையை அளந்தறிதல் இயலாது. தாமே முன்னர்த் துணிந்த ஒன்றைத் தாமே மதிப்பிடுதல் மதிப்பீடு ஆகாது.

மூன்றாவது, பொருள் வந்த வழி. உடைமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அவர் தந்த பழைய ஆவணங்களின் படிகளே சான்றாக நின்றன. ஏட்டுச் சுவடி யாரிடமிருந்து எவ்வாறு கிடைத்தது என்பதைப் பதிப்பாசிரியர் முகவுரையில் கூறும் வழக்கத்தைத் தமிழறிஞர் நன்கறிவர். அது நன்றி கூறும் முறை மட்டுமன்று; படிப்போர் ஆராய்ந்து பார்க்க வழிவிடும் முறையும் ஆகும். வந்த வழி மறைந்த பொருளில் மொழியறிவும் வேதியியலும் எவ்வளவு பயன்படினும் ஒரு கதவு மூடியே இருக்கும். 2016இல் விவிலிய இலக்கியக் கழகம், வந்த வழி தெரியாத பழம்பொருள்களை ஆய்வரங்கிலும் இதழிலும் வெளியிடுதல் குறித்து வரையறை வகுத்தமை இதன் இன்றியமையாமையை உணர்த்தும்.

வெளியீட்டிற்குப் பின்

2016இல் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு வேண்டுகோள் எழுந்தபோது, ஹார்வர்டு இதழ் அதனை ஏற்கவில்லை. துணுக்கு மெய்யானது என இதழ் எஞ்ஞான்றும் கூறியதில்லை. மதிப்பீட்டில் தேறியது என்பது கட்டுரையின் கருத்தை இதழ் ஏற்றது எனப் பொருள்படாது என்பது அதன் நிலை. இந்நிலையில் ஓர் உண்மை உண்டு. இதழ் தான் வெளியிடும் ஒவ்வொரு கருத்திற்கும் உடன்பட வேண்டுமெனின், கருத்து வேறுபாட்டிற்கே இடமின்றிப் போகும். துணுக்கு போலி என வாதிட்ட பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோ டெப்பூட்டின் மறுப்புரையையும் அதே இதழிலேயே வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

எனினும், கருத்து வேறு, சான்று வேறு. கருத்துப் பிழையாயின் பிறர் மறுத்து எழுதுவர். அதுவே ஆராய்ச்சியின் இயல்பு. சான்றே பொய்யாயின், மறுப்பு வேறோர் இதழில் வெளிவந்தது என்பதால் கடமை தீர்ந்துவிடாது. பல ஆண்டுகட்குப் பின் நூலகத்தில் அவ்விதழை மட்டும் எடுத்துப் படிக்கும் மாணவன் அம்மறுப்பை எவ்வாறு அறிவான்? 1997இல் பிரிட்டனில் தோன்றிய வெளியீட்டு அறக்குழு தன் நெறிமுறைகளில் கூறுவது இதுவே: திரும்பப் பெறுதலின் நோக்கம் எழுதியோரை ஒறுப்பதன்று, ஆய்வுலகின் எழுத்துப் பதிவைத் திருத்துவதாகும். நேர்மையாக எழுதி ஏமாற்றப்பட்டார்க்கும் இது பொருந்தும். கட்டுரையை அழிக்க வேண்டுவதில்லை. அதன் தலைப்பிலேயே, இதன் சான்று நம்பத்தக்கதன்று என்னும் குறிப்பைச் சேர்த்தால் வரலாறும் நிற்கும், படிப்போரும் ஏமாறார்.

இறையியலில் இக்கடமை மிகுதி. துணுக்கை மறுத்தோரை மதப்பற்றால் மறுக்கின்றனர் என ஒதுக்குதலும், ஏற்றோரைப் புதுமை வேட்கையால் ஏற்கின்றனர் எனப் பழித்தலும் எளிது. ஆயின், வழக்கைத் தீர்த்தவை ஒரு விடுபட்ட எழுத்தும், ஒரு பழைய பதிப்பின் வரிமுறிவும், ஓர் உடைமையாளரின் வரலாறும் ஆகும். அவற்றை நம்பிக்கையுடையாரும் இல்லாரும் ஒருங்கே காணலாம். இத்தகைய சான்றுகள் வெளிப்பட வழி செய்தலும், வெளிப்பட்ட பின்னர்த் தன் பக்கங்களிலேயே அவற்றைப் பதிவு செய்தலும் இதழாசிரியர் கடமை. அறிஞர் மதிப்பீடு அக்கடமையின் தொடக்கம்; அதற்கு மாற்று அன்று.