தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

பாலிக் புலாவ் மலைச்சரிவெங்கும் டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் தழைத்து நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் குவளையில் மொண்டு தண்ணீர் ஊற்றுவதில்லை. அதே ஊரில், வீட்டு வாசலில் ஆசையாக வைத்த துளசிச் செடி மூன்று மாதத்தில் பட்டுப்போகிறது. "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே, எப்படிச் செத்தது?" என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. தினமும் தவறாமல் ஊற்றியதுதான் காரணம்.

வேருக்கும் மூச்சு வேண்டும்

தரையில் நிற்கும் மரத்தின் வேர் ஈரம் உள்ள இடம் தேடிப் பரவும். மிகுதியான நீர் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும். தொட்டிச் செடிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. நாம் கொடுத்த மண், நாம் ஊற்றிய நீர், அடியில் உள்ள துளை ஆகியவையே அதன் உலகம்.

மண் துகள்களுக்கு நடுவே சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றில் உள்ள காற்றிலிருந்துதான் வேர் பிராணவாயுவைப் பெறுகிறது. மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் அந்த இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்ளும். வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்கு நடுவிலேயே செடி வாடுகிறது. அதைத் தாகம் என்று எண்ணி நாம் மேலும் ஊற்றுகிறோம். அதோடு செடியின் கதை முடிந்துவிடுகிறது.

எனவே இலை தொய்ந்தால் முதலில் மண்ணைப் பாருங்கள். மண் காய்ந்து, தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகியிருந்தால் அது தாகம். மண் ஈரமாக இருந்து, அடியிலைகள் மஞ்சளித்து, கெட்ட வாடையும் வீசினால் அது வேரழுகல். முன்னதற்குத் தண்ணீர் மருந்து. பின்னதற்கு அதுவே நஞ்சு.

எப்போது ஊற்றுவது?

கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பார்த்து ஊற்றுவதைவிட, மண்ணைக் கேட்டு ஊற்றுவதே சரியான முறை. அதற்கு மூன்று எளிய வழிகள் உள்ளன.

ஒன்று, ஆள்காட்டி விரலை ஏறக்குறைய இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தாலும் உள்ளே குளிர்ச்சி இருந்தால் அன்றைக்குப் பெரும்பாலான செடிகளுக்குத் தண்ணீர் வேண்டாம். இரண்டு, பெரிய தொட்டியாக இருந்தால் சாத்தே குச்சி ஒன்றை ஆழமாகச் செருகி எடுங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் காத்திருக்கலாம். மூன்று, சிறிய தொட்டியைக் கையால் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த தொட்டி கனக்கும். காய்ந்தது லேசாக இருக்கும். ஒரு வாரம் பழகினால் கையே கணக்குச் சொல்லும்.

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. ஆகவே ஜனவரியில் பொருந்திய அளவு அக்டோபரில் பொருந்தாது. வைத்திருக்கும் இடமும் முக்கியம். மாடிக் குடியிருப்பின் பால்கனியில் காற்று வீசுவதால் மண் விரைவில் காயும். கூரைக்குக் கீழே உள்ள தொட்டிக்கு, ஊரெல்லாம் மழை கொட்டினாலும் ஒரு சொட்டு விழாது. சுட்ட மண் தொட்டி தன் சுவர் வழியாக ஈரத்தை வெளிவிடும். பிளாஸ்டிக் தொட்டி விடாது.

செடிக்குச் செடி தேவையும் வேறு. பண்டான் ஈரத்தை விரும்பும். வெற்றிலைக் கொடிக்கு ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. கறிவேப்பிலைக்கு மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றுவது நல்லது. வீட்டுக்குள் இருக்கும் மணி பிளாண்டுக்குப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை போதும். கற்றாழை இரண்டு வாரம்கூடத் தாங்கும்.

எப்படி ஊற்றுவது?

காலை நேரமே சிறந்தது. மாலையில் இலைமேல் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கிப் பூஞ்சை நோய்க்கு இடமாகும். இலையைக் குளிப்பாட்டாமல் மண்ணில் மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளை வழியாக நீர் வடியும் வரை ஊற்றிவிட்டு, மறுபடி மண் காயும் வரை விட்டுவிடுங்கள். தினமும் அரைக் குவளை தெளிப்பது மேல் மண்ணை மட்டுமே நனைக்கும். அடிவேருக்குப் போய்ச் சேராது.

மண் காய்ந்து இறுகிப்போயிருந்தால், ஊற்றிய நீர் ஓர இடுக்கு வழியாக ஓடிவிடும். அப்போது தொட்டியை அரைமணி நேரம் ஒரு வாளித் தண்ணீரில் அமர்த்தி, பிறகு எடுத்து வடியவிடுங்கள்.

துளை இல்லாத பெயிண்ட் வாளியிலும் மைலோ டின்னிலும் செடி வைப்பவர்கள் முதலில் அடியில் துளையிட வேண்டும். அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்பது சரியன்று. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் நீர் தேங்கியே நிற்கும்.

துளசி மாடத்தின் சிக்கல்

துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். மிதமான ஈரம் வேண்டும். நீர் தேங்கக் கூடாது. ஆனால் வீட்டில் நால்வர் இருந்தால் நால்வரும் ஆளுக்கொரு செம்பு நீர் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். பக்தியில் குறையில்லை, செடிதான் தாங்குவதில்லை. மண் ஈரமாக உள்ள நாளில் ஓர் உத்தரணி நீர் வார்த்து வணங்கினால் போதும். மண் காய்ந்த நாளில் முழுச் செம்பும் ஊற்றலாம். வழிபாடும் தடைபடாது, செடியும் பிழைக்கும்.

தட்டில் தேங்கும் ஆபத்து

வடிந்த நீர் தொட்டியின் அடித்தட்டில் நிற்கிறது. வேரழுகலுக்கு அதுவும் காரணம். அதைவிடப் பெரிய கேடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடுவதுதான். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 123,133 பேருக்கு டிங்கி கண்டது; 100 பேர் உயிரிழந்தனர். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும்.

பலர் தட்டு நீரைக் கொட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் தாங்கி, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். ஆகவே செடிக்கு ஊற்றிய அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்ப்பதோடு, வாரம் ஒருமுறை தேய்த்தும் கழுவ வேண்டும். தட்டில் மணல் நிரப்பி வைப்பதும் பலனளிக்கும். போத்தல் நீரில் மணி பிளாண்ட் வளர்ப்போர் வாரந்தோறும் நீரை மாற்றிப் போத்தலையும் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப் புழு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் குழாய் நீர் தடைபட்டபோது வீடுதோறும் பீப்பாய்களில் நீர் பிடித்து வைத்தோம். அத்தகைய நாட்களில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை அன்றன்றே செடிக்கு ஊற்றலாம். உப்புக் கலந்த நீர் ஆகாது. சேமித்த நீரை இறுக மூடி வைப்பது அவசியம்.

ஊருக்குப் போகும்போது

யாத்திரை செல்வோர், புறப்படும் நாளில் மண் காய்ந்திருந்தால் நன்றாக நனைத்து, நீர் வடிந்தபின் செடிகளை வெயில் குறைந்த இடத்தில் சேர்த்து வைக்கலாம். அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்தால், "தினமும் ஊற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்" என்று சொல்லுங்கள்.

நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பதே மேல் என்பது திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறும் கருத்து. வயலுக்குச் சொன்னது வாசல் தொட்டிக்கும் பொருந்தும். பிள்ளைகளிடம் தண்ணீர்க் குவளையைக் கொடுக்கும் முன், விரலை மண்ணில் வைத்துப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். தட்டைத் தேய்த்துக் கழுவும் வேலையையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். செடியோடு வீட்டார் நலமும் காக்கப்படும்.