டிஸ்க்கை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

வண்டி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். மீட்டர் இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கும். திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் வந்து, தூரத்தில் சுங்கச்சாவடியைப் பார்த்ததும் பிரேக்கில் மெதுவாகக் காலை வைத்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். வேகம் நாற்பதுக்குக் கீழே வந்ததும் அடங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. புதிய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார்களில் இது ஒன்று.

சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். “டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார். ரெண்டு டிஸ்க்கும் பேடும் மாத்திடலாம். வேர் அண்ட் டேர் ஐட்டம், வாரண்டில வராது.” மாற்றுவார்கள், நடுக்கமும் நின்றுவிடும். சில மாதங்கள் கழித்து அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி வரும். நம் வண்டிக்கு அமைந்தது இப்படி என்று உரிமையாளர் நொந்துகொள்வார். நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் தடவை அது எதனால் வந்தது என்று யாருமே அளந்து பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பெடலை மிதித்தால் காலிப்பர் அதன் இரு பக்கமும் பேடுகளை வைத்து அழுத்துகிறது. தட்டின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் பிடியும் சீராக இருக்கும். ஓரிடத்தில் மெல்லியதாகவும் இன்னோர் இடத்தில் தடித்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடி கூடிக் குறையும். அதுதான் ஸ்டீயரிங்கில் நடுக்கமாகவும் பெடலில் துடிப்பாகவும் வருகிறது. இதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை. பல கார்களில் 0.02 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ கண்டுபிடிக்க முடியாது. பார்த்த மாத்திரத்தில் டிஸ்க் பெண்ட் என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதே இல்லை.

டிஸ்க் வளைந்துபோவது உண்மையில் அபூர்வம். ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார்களில் வேலை பார்த்த பொறியாளர் கேரல் ஸ்மித், சாதாரணச் சாலையில் ஓடும் கார்களின் ‘வளைந்த டிஸ்க்’ ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார். சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் திட்டுத் திட்டாகப் படிந்துவிடுவதுதான் காரணம் என்பது அவர் வாதம். அது பாதி உண்மை. மீதிப் பாதி டிஸ்க்கில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஹப்பில் இருக்கிறது. நம் ஊர் வண்டிகளில் அந்த இரண்டாவது காரணத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கருத்து.

டிஸ்க் ஹப்பின் முகத்தில் தட்டையாக உட்கார வேண்டும். இடையில் மெல்லிய துருப் பொருக்கோ மண்ணோ சிக்கினால் தட்டு இம்மி சாய்ந்து உட்காரும். ஹப்பின் முகம் சிறியது, டிஸ்க் அதைவிட அகலமானது. அதனால் ஹப்பில் இருக்கும் சாய்வு டிஸ்க்கின் ஓரத்தில் கிட்டத்தட்ட இருமடங்காகத் தெரியும். இந்தத் தள்ளாட்டத்தை ரன்-அவுட் என்கிறார்கள். பல கார்களுக்கு இது 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இப்படிச் சாய்ந்து மாட்டிய டிஸ்க் அன்றைக்கே நடுங்காது. காலிப்பர் கொஞ்சம் நகர்ந்துகொடுத்துச் சமாளித்துவிடும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓட்டும்போதுகூட, ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் துருத்திய பகுதி பேடை உரசிச் செல்லும். சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படி உரசினால் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். நடுக்கம் அப்போதுதான் தொடங்கும். அதாவது, தவறு நடந்தது ஒரு நாள், புகார் வருவது பல மாதம் கழித்து. நடுவில் பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி, ஏர் கன்னால் ஒரு பக்க நட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனது யாருக்கும் நினைவிருக்காது. சக்கர நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் இருக்க வேண்டும். சிறிய கார்களில் அந்த அளவு பெரும்பாலும் 85 முதல் 125 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். டயர் கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கோவையில் ஒரு பட்டறையில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்த வண்டி மூன்று வயதுகூட ஆகாத ஹேட்ச்பேக். ஏற்கெனவே ஒரு முறை டிஸ்க் மாற்றியாகிவிட்டது. “இந்த வாட்டியும் டிஸ்க் போயிருச்சாங்ணா?” என்று உரிமையாளர் கேட்டார். மெக்கானிக், “மாத்தறது பெரிய வேலையில்லீங்க. மொதல்ல ஹப்பைப் பார்த்துப்போடலாமுங்க” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். வாஷர் வைத்து நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினார். டயல் கேஜின் காந்தக் காலை சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் ஒட்டவைத்து, ஊசி முனையை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொடவிட்டு, கையால் மெல்லச் சுற்றினார். ஊசி ஒன்பது கோடு ஏறி இறங்கியது. ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அடுத்து மைக்ரோமீட்டரை எடுத்து டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமனை அளந்து, சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். ஊசி அதிகம் ஏறிய இடத்துக்குப் பக்கத்தில் தட்டு மெலிந்திருந்தது.

பிறகு டிஸ்க்கைக் கழற்றினார். ஹப்பின் முகத்தில், நட்டு போல்ட்டுகளின் அடியைச் சுற்றிக் காபிப்பொடி நிறத்தில் துரு வளையம். புது டிஸ்க்கை மாட்டியவர்கள் அதைத் தொடவே இல்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு அதே டிஸ்க்கை மறுபடி மாட்டினார். ஊசி ஆறு கோட்டுக்கு வந்தது. கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டினார். மூன்று கோடு. எந்த நிலையில் மாட்ட வேண்டும் என்று ஹப்பிலும் டிஸ்க்கிலும் பெயின்ட் புள்ளி வைத்தார். அதன் பிறகுதான் டிஸ்க் லேத்துக்குப் போனது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் சதை இருந்ததால் லேசாகக் கடைந்தால் போதும் என்றார். புது டிஸ்க் தேவைப்படவில்லை. துருவை அப்படியே விட்டுப் புது டிஸ்க் போட்டிருந்தால் அதுவும் சில மாதத்தில் நடுங்கியிருக்கும்.

இனி சூட்டுக்கு வருவோம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிரேக்கில் சேரும் வெப்பம், அடுப்பில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், கொதிக்கிற பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் டிஸ்க்கில் அச்சு விழுந்ததுபோல் ஒட்டிவிடும். அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகம் பிடிக்கும், அதிகம் சூடாகும். வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இடத்தில் வார்ப்பிரும்பின் அமைப்பே மாறி, சிமென்டைட் என்ற மிகக் கடினமான திட்டு உருவாகிறது. அது ஆழமாக இறங்கிவிட்டால் கடைசலும் பலன் தராது, டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ இன்ஜின் பிடியில் இறங்குவதும், இறங்கிய பிறகு நிற்காமல் கொஞ்ச தூரம் காற்றுபட ஓட்டுவதும் இதைத் தவிர்க்கும். இறங்கிய கையோடு வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, சூடான டிஸ்க்கில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவது கூடவே கூடாது.

பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரர் தாமே கவனிக்கக்கூடியது நிறைய உண்டு. பிரேக்கைத் தொடாமலே எண்பது, நூறில் ஸ்டீயரிங் ஆடினால் அது டிஸ்க் அல்ல. வீல் பேலன்சிங், பள்ளத்தில் விழுந்து நெளிந்த ரிம், புடைத்த டயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டிலும் பெடலிலும் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். பின்னால் டிரம் இருக்கும் வண்டிகளில் டிரம் வட்டம் கெட்டுப்போனாலும் இப்படித்தான் அதிரும். லீவர் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியென்றால், அனுபவமுள்ள மெக்கானிக் ஆளில்லாத நேர்சாலையில் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லீவரை மெல்ல இழுத்துப் பார்ப்பார். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு பின்னால்தான். ஸ்விட்ச் வைத்த எலெக்ட்ரிக் பிரேக்கில் இந்தச் சோதனை வேண்டாம்.

அதிர்வின் தாளத்தையும் கவனியுங்கள். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். நூறில் போகும்போது நொடிக்குப் பதினான்கு சுற்று. வேகம் குறையக் குறைய அதிர்வும் நிதானமானால் அது சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. ஈரச் சாலையிலோ மணலிலோ சட்டென்று மிதித்தபோது பெடல் படபடவென்று காலைத் தள்ளினால் அது ஏபிஎஸ் வேலை செய்வது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். முதல் தடவை அந்தத் துடிப்பை உணர்ந்து, பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்கக் கூடாது, முழுதாக மிதித்தபடியே திருப்ப வேண்டும். காலையில் வண்டியை எடுத்துச் சில மீட்டர் நகர்ந்ததும் ஒரு சின்ன உறுமல் வந்தால், அதுவும் பல வண்டிகளில் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதுதான்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் காலிப்பரின் ஸ்லைட் பின் கிரீஸ் வற்றி இறுகியிருக்கலாம். சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும் சின்ன வேலை. விட்டுவைத்தால் உள்பக்க பேட் முழுதாகத் தேய்ந்து டிஸ்க்கையும் தின்றுவிடும். பெடல் மெத்தென்று உள்ளே போவது, சிவப்பு பிரேக் விளக்கு எரிவது, வண்டி ஒரு பக்கமாக இழுப்பது ஆகியவை வேறு ரகம். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைக்காமல் மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்கள். பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழ் கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

புது வண்டியின் மற்றச் சில்லறைப் புகார்களில் பாதி, கோளாறே அல்ல. மழைக்கு மறுநாள் காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. நான்கைந்து பிரேக்கில் போய்விடும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தினப்படி விஷயம். ஆனால் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியில் பேடின் வடிவத்திலேயே துரு பதிந்து நிலைத்துவிடும். ஸ்டாக் யார்டில் மாதக்கணக்கில் கிடந்து டெலிவரியான வண்டிகள் முதல் வாரத்திலேயே நடுங்குவதற்கு இது ஒரு காரணம். அதற்கு வண்டி வாங்கியவர் பொறுப்பல்ல. தயங்காமல் வாரண்டியில் கேளுங்கள்.

புது வண்டி மேடு பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போட்டால் சஸ்பென்ஷனைக் குறை சொல்வதற்கு முன் டயர் காற்றை அளக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கூடுதல் காற்றோடு வந்ததை டெலிவரியின்போது குறைக்காமல் விட்டிருப்பார்கள். முன்சீட்டின் காலடியில் தண்ணீர் தேங்கினால் பெரும்பாலும் ஏசி வடிகுழாயில் அடைப்பு. வேகத்தடையில் முன்பக்கம் டொக்கென்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பார்க்கச் சொல்லலாம். சம்பந்தமே இல்லாத நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்.

ஜாப் கார்டில் “பிரேக் சத்தம்” என்று இரண்டு சொல்லில் எழுதவிடாதீர்கள். எந்த வேகத்தில், சூடானபோதா குளிர்ந்திருக்கும்போதா, ஸ்டீயரிங்கிலா சீட்டிலா, கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றியது எப்போது என்று சொல்லி எழுதவையுங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால் ரன்-அவுட் எவ்வளவு, தடிமன் வித்தியாசம் எவ்வளவு, மாற்றிய பிறகு எவ்வளவு என்று எண்களைக் கேளுங்கள். எண் தராமல் வேர் அண்ட் டேர் என்று மட்டும் தள்ளிவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண் அப்படி ஏதேனும் ரீகால் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சர்வீஸ் சென்டரிலேயே பார்த்துச் சொல்வார்கள்.