கணினியின் ஊகமும் யாழ்ப்பாணத்து விளம்பரங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகுந்த கவனத்துடன் படிக்கப்படும் விளம்பரம் எதுவென்று கேட்டால், அது மரண அறிவித்தல் என்றே கூறவேண்டும். பத்திரிகையைக் கையில் எடுக்கும் பலர் அரசியல் செய்திகளுக்கு முன்னர் அந்தப் பக்கத்தையே தேடுகின்றனர். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகளும் மருமக்களும் வாழும் நாடுகள் என்று ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு வரலாறே நான்கு அங்குல இடத்துக்குள் அடங்கிவிடுகின்றது. அதனைத் தொடர்ந்து சந்தியில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும், அந்தியேட்டியன்று வெளியிடப்படும் 'கல்வெட்டு' எனும் நினைவு மலரும் வருகின்றன. முஸ்லிம் மக்களின் ஜனாஸா அறிவித்தலில் பொதுவாகப் படம் இடம்பெறுவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டு வந்த அச்செய்தி, இன்று வட்ஸ்அப் மூலம் சோனகத் தெருவுக்கும் புத்தளத்துக்கும் ஒரே நேரத்தில் சென்றடைகின்றது.

இத்தகைய அறிவித்தல்களையும், புடைவைக் கடை, நகைக் கடை விளம்பரங்களையும் தயாரிக்கும் சிறிய வடிவமைப்பு நிலையங்களுக்குள் இப்போது செயற்கை நுண்ணறிவு நுழைந்துள்ளது. வேலை இலகுவாகின்றது, செலவும் குறைகின்றது என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், எமது விளம்பரங்களின் பெறுமதி தங்கியிருக்கும் இரண்டு விடயங்களை, அதாவது எழுத்தையும் முகத்தையும், இத்தொழில்நுட்பம் ஊகித்தே வரைகின்றது என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

எழுத்தை முதலில் நோக்குவோம். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்த மண் இது. வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய அச்சியந்திரசாலை முதல் எத்தனையோ அச்சகங்களில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோர்ப்பாளர்கள் இருந்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமின்றி, கிடைத்த அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் இங்கு பத்திரிகை அச்சாகியது. எழுத்துப் பிழை நேர்ந்தால் அதைச் செய்தவர் யார் என்பது தெரியும்; மறுநாள் திருத்தமும் வரும். கடைப் பலகைகளில் தூரிகையால் எழுதிய ஓவியர்களும் அவ்வாறே. பென்சிலால் கோடிட்டு, எழுத்துகளின் அகலத்தைக் கண்ணால் அளந்து, பலகைக்குள் பெயரை அமர்த்துவது அவர்களது கலை. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி வழமைக்குத் திரும்பியபின், வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் கைத்தொலைபேசி நிறுவனங்களும் வடக்கே படையெடுத்தன. அவற்றோடு பிளெக்ஸ் அச்சு இயந்திரங்களும் வந்தன. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்டான்லி வீதியிலும் தூரிகை எழுத்தைக் காண்பது பின்னர் அரிதாகிவிட்டது.

கணினிக்கு மாறியவர்களும் ஓர் இடைக்கால ஏற்பாட்டிலேயே நெடுங்காலம் வாழ்ந்தனர். 1991இலேயே யூனிகோட் முறையில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் போட்டோஷொப் போன்ற மென்பொருட்களின் பழைய பதிப்புகள் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டவில்லை. 'கொ' என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி அதனைக் ககரத்தோடு கூடிய ஓர் ஒகரக் குறியாகவே சேமிக்கின்றது. திரையில் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் முன்னும் பின்னும் வைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் தமிழ் உடைந்து சிதறியது. எனவே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை அமர்த்திய 'பாமினி' எழுத்துருவே எமது அச்சகங்களின் உயிர்மூச்சாக இருந்தது. இன்றும் பல இடங்களில் அதுவே பாவனையில் உள்ளது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குழப்பமே தெரியும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. பல்லாண்டுக் கால விளம்பரங்களும் நினைவு மலர்களும் இந்நிலையில் அச்சகங்களின் பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன.

இப்போது வந்திருப்பதோ முற்றிலும் வேறொரு வகை. 2022ஆம் ஆண்டில் டால்-ஈ 2, மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிபியூஷன் ஆகியன பரவலான பாவனைக்கு வந்தன. கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்ற இவ்வகைப் பொறிகளில் பெரும்பாலானவை, புள்ளிகளின் குழப்பத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஓர் உருவத்தைத் தெளிவாக்கிக் கொண்டு போகின்றன. இங்கு எழுத்துரு என்று எதுவும் இல்லை. மரத்தையும் மாட்டையும் வரைவதுபோலவே எழுத்தையும் ஓர் உருவமாகவே வரைகின்றன. கற்ற படங்களில் தமிழ் எழுத்து மிகச் சொற்பமாக இருந்தமையால், தொடக்கத்தில் வெளிவந்தவை தமிழைப் போலத் தோன்றிய கிறுக்கல்களே. அண்மைக்காலப் பொறிகள் குறுகிய தலைப்புகளைப் பெருமளவு திருத்தமாக எழுதுகின்றன. இங்கேதான் அபாயம் கூடுகின்றது. முன்னைய கிறுக்கலை எவரும் கண்டுபிடித்துவிடுவர். ஒரு புள்ளி தவறிய மெய்யெழுத்தை, லகர ளகர மாற்றத்தை, அவசரத்தில் யார் பார்ப்பார்? மரண அறிவித்தலில் ஒருவரின் பெயர் பிழைத்தால் அது வெறும் எழுத்துப் பிழையாக முடிவதில்லை. பெருநாள் வாழ்த்து விளம்பரங்களில் இடம்பெறும் அறபு வாசகங்களுக்கும் இதே கதிதான். சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வெவ்வேறு வடிவம் கொள்ளும் அறபு எழுத்தைப் பொறி தவறாக இணைத்துவிட்டால், இறை வசனமே சிதைந்துவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. பின்னணிப் படத்தை மட்டும் பொறியிடம் பெற்று, எழுத்தை வடிவமைப்பாளரே யூனிகோட்டில் அமைத்து, ஒருவருக்கு இருவர் வாசித்துப் பார்க்கலாம். பின்னணிப் படத்திலும் கவனம் வேண்டும். நல்லூர்த் தேரைக் கேட்டால் எங்கோ உள்ள தேரையும், யாழ்ப்பாணத்து மணமக்களைக் கேட்டால் வட இந்திய அலங்காரத்தையும் பொறி தந்துவிடுவதுண்டு. பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த தலைமுறை அதையே எமது கோலமென்று கொள்ளக்கூடும்.

முகத்தின் விடயம் இதனிலும் பாரதூரமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தனர். இவ்விரு சமூகங்களிலும் குடும்பப் படங்களைப் பறிகொடுத்தோர் பலர். தாய் தந்தையரின் நினைவாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் அடையாள அட்டையிலுள்ள மங்கிய சிறு படமே. நினைவஞ்சலிக்காக அதனைப் பெருப்பித்துத் தருமாறு கேட்கும்போது, வடிவமைப்பாளர் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கின்றார். சில விநாடிகளில் பளிச்சென்ற முகமொன்று வந்துவிடுகின்றது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது? மங்கிய படத்தில் இல்லாத விபரத்தைப் பொறி மீட்டெடுப்பதில்லை, மீட்கவும் முடியாது. தான் முன்னர் கற்ற ஏராளமான முகங்களைக் கொண்டு, இவ்விடத்தில் இப்படி இருந்திருக்கலாம் என்று நிரப்புகின்றது. அம்மைத் தழும்பு மறைகின்றது, நிறம் வெளுக்கின்றது, ஒருபுறம் கோணிய புன்னகை நேராகிவிடுகின்றது. அந்நியர் பார்வைக்கு அழகான படம். பிள்ளைகளுக்கு யாரோ ஒருவர். 2021இல் மைஹெரிடேஜ் நிறுவனம் பழைய படங்களில் உள்ளோரைக் கண் சிமிட்டித் தலையசைக்க வைக்கும் வசதியை அறிமுகப்படுத்தியபோது, அதில் ஆறுதல் கண்டவர்களும் உண்டு, அஞ்சியவர்களும் உண்டு. ஆறுதலைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 முதல் வடக்கு வீதிகளில் ஏந்தி நிற்கும் படங்களை இவ்வாறு 'அழகுபடுத்துவது' வேறு விடயம். அவை அடையாளம் காண்பதற்கான சாட்சியங்கள். அவற்றில் ஒரு மச்சத்தைக்கூட எந்தப் பொறியும் தொடக்கூடாது.

வணிக விளம்பரங்களிலும் இதே வினா எழுகின்றது. சேலையை எவரும் உடுத்தாமலே உடுத்தியதாகக் காட்டும் படத்தில், மடிப்பும் கரையும் பொறியின் கற்பனையாக இருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயல்களை வியாபாரிகளுக்குத் தடை செய்கின்றது. கற்பனைச் சேலையைக் காட்டி விற்பவர், படம் கணினி வரைந்தது என்று கூறித் தப்பிக்கொள்ளலாம் என எண்ணுவது தவறு. பிரபலமானவர்களின் முகத்தையும் குரலையும் போலியாக அமைத்து முதலீட்டுக்கு அழைக்கும் சமூக ஊடக விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

யாழ். பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். 'யாழ் ஐ.ரி. ஹப்' போன்ற அமைப்புகள் இளைஞரைத் தகவல் தொழில்நுட்பத்தில் ஊக்குவித்து வருகின்றன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில், பழைய பத்திரிகைகளும் நினைவு மலர்களும் வருடப்பட்டு எவரும் பார்க்கக்கூடியதாக உள்ளன; அவற்றில் அக்காலத்து விளம்பர எழுத்துகளைக் காணலாம். தூரிகை பிடித்த மூத்த ஓவியர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். இவர்களை ஒன்றிணைத்து, விளம்பரத் தலைப்புகளுக்கு ஏற்ற யூனிகோட் எழுத்துருக்களை இங்கேயே உருவாக்குவதற்குப் பெரிய ஆலையோ பெருமுதலோ தேவையில்லை. பெரும் நிறுவனங்கள் இலவசமாகத் தரும் நாலைந்து எழுத்துருக்களையே எல்லாக் கடைகளும் பயன்படுத்துவதால், பருத்தித்துறைக் கடைக்கும் சாவகச்சேரிக் கடைக்கும் பலகையில் வேறுபாடு தெரியவில்லை.

அச்சக உரிமையாளர்கள் நாளையே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வாடிக்கையாளர் தரும் மூலப் படத்தைத் திருத்தாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். கணினி திருத்திய முகத்தை முகப்பில் இட விரும்பும் குடும்பத்தினரின் நினைவு மலரில், உட்பக்கத்தில் அந்த மங்கிய சிறு படத்தையும் உள்ளபடியே அச்சிட்டுக் கொடுக்கலாம். அதற்கு மேலதிகமாக ஒரு தாள்கூடச் செலவாகாது.