ஊறுகாய்ச் சாடியும் செடியின் நோயும்

மாங்காய் ஊறுகாய் போடுமுன் சாடியை வெயிலில் காயவைக்கிறோம். மாங்காயை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நறுக்குகிறோம். மேலே நல்லெண்ணெய் நிற்கவிட்டு, சாடியின் வாயில் வேடு கட்டுகிறோம். இத்தனைக்கும் பிறகு யாராவது ஈரக் கரண்டியை விட்டுவிட்டால், சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. பூஞ்சையின் வித்துகள் அடுக்களைக் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை காத்திருந்தது ஈரத்துக்கு. தோட்டத்துத் தக்காளிக்கும் பாகலுக்கும் நோய் வருவது பெரும்பாலும் இதே வழியில்தான்.

நோய் வர மூன்று சேர வேண்டும்: கிருமி, அதற்கு இடம்கொடுக்கும் செடி, பொருத்தமான ஈரமும் வெப்பமும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நோய் இல்லை. காற்றில் வரும் வித்தை நம்மால் தடுக்க முடியாது. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மாலையில் குழாயைப் பிடித்து இலைமேல் தண்ணீர் அடித்தால் அது விடியும்வரை காயாது. ஈரக் கரண்டியை இரவு முழுக்கச் சாடிக்குள்ளேயே விட்டுவைத்த மாதிரிதான். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். தக்காளியின் அடியிலைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது, கருகல் நோயின் வித்தும் கூடவே தெறித்து அந்த இலைகளில்தான் முதலில் ஒட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் செடிகளுக்கு இடையே காற்று புகும்படி இடம்விடுவதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

நாற்றுத் தட்டிலும் இதே கதை. முளைத்த மிளகாய், கத்தரி நாற்றுகள் மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் வடியாத மண்ணில் பெருகும் கிருமிகளே காரணம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியை விதையோடு கலந்து விதைக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வயலுக்குச் சொல்லும் அளவு. வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

ஊறுகாய்க் கணக்கு பொருந்தாத நோய் ஒன்று உண்டு. பூசணி, வெண்டை, ரோஜா இலைகளின் மேல் கோலமாவு தூவியதுபோல் வெண்பொடி படரும் சாம்பல் நோய் அது. இதன் வித்து முளைக்க இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் நின்றால் கெட்டுப்போகும் வித்துகளே அதிகம். காற்றில் ஈரப்பதமும் செடிகளில் நெருக்கமும் நிழலும் இருந்தால் மழையே இல்லாத நாளிலும் பரவும். பெயரில் இதற்கு உறவுபோலத் தோன்றும் அடிச்சாம்பல் நோய் முற்றிலும் வேறு. வெள்ளரி, பீர்க்கு, பாகல் இலைகளின் மேற்புறத்தில் நரம்புகளுக்குள் அடைபட்ட மஞ்சள் கட்டங்கள் தெரியும். இலையைத் திருப்பினால், அதே இடங்களின் அடியில் சாம்பல் கலந்த ஊதாப் படலம் இருக்கும். இது ஈர இலையில் மட்டுமே முளைக்கும். ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே இலையைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் தெளிக்கக் கூடாது.

மேற்புறப் பொடிக்கு எளிய கைவைத்தியம் இருக்கிறது. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பால் கலந்த நீர் சுக்கினிச் செடியின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியது. பத்தில் ஒரு பங்கு பாலாக இருக்கும்படி கலந்து, வெயில் படும் காலை வேளையில் தெளிக்கலாம்.

அடிச்சாம்பலுக்குப் பழைய மருந்து போர்டோ கலவை. 1882-இல் பிரான்சின் மெடாக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். மற்ற கொடிகளெல்லாம் அடிச்சாம்பலில் இலை உதிர்த்து நின்றபோது இவை மட்டும் பசுமையாக இருந்ததைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். சோதித்து 1885-இல் வெளியிட்டார். இந்தக் கலவை இலைமேல் செய்யும் வேலையைத்தான் ஊறுகாய் மேல் நிற்கும் எண்ணெய் செய்கிறது: விழும் வித்தை உள்ளே விடாமல் தடுப்பது. பூஞ்சை இழை உள்ளே இறங்கிய பிறகு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. புள்ளி விழுந்த இலையும் தேறாது. மிச்சமுள்ள நல்ல இலைகளுக்குத்தான் மருந்து. பலர் இதை உணராமல், தெளித்தும் புள்ளி மறையவில்லையே என்று மறுநாளே இன்னொரு மருந்து வாங்குகிறார்கள். காசும் வீண், செடிக்கும் கேடு.

போர்டோ கலவைக்கு, லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான ஆணியை முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள். காய்களை முன்பே பறித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தெளிப்புக்கும் அடங்காதவை வைரஸ் நோய்கள். வெண்டை இலையின் நரம்புகள் வலைபோல் மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவது ஒன்றே வழி. மற்ற செடிகளைக் காக்க, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து இலையடியில் படும்படி தெளியுங்கள். மிளகாய் இலை சுருண்டால் மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனாகவும், கீழ்நோக்கிச் சுருண்டால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பூச்சியாகவும் இருக்கலாம். இரண்டிலிருந்தும் செடியை மீட்கலாம்.

பச்சை மாறாமல் ஒரே நாளில் வாடிய தக்காளிக்கு ஒரு சோதனை உண்டு. அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நுனி தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில பருவங்களுக்கு வைக்கக் கூடாது. வெட்டிய கத்தியையும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால், கடையில் மருந்து கேட்காதீர்கள். செடியை வேரோடு காகிதத்தில் சுற்றி, உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.