ஆராய்ச்சி நிலையத்தில் ஆசானும் மாணாக்கரும்

தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையமொன்றின் பெருமையைக் கட்டடங்களையும் கருவிகளையும் கொண்டு அளவிடுவாருளர். ஆயின், அங்குப் புகும் இளம் ஆராய்ச்சியாளர் எவ்வாறு நடாத்தப்படுகின்றனர் என்பதே மெய்யான அளவுகோலாகும். யப்பானிய அறிஞர் ஷிபாசபுரோ கிற்றசாற்றோவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம்.

1885இல் அரசினரால் ஜேர்மனிக்கு அனுப்பப்பெற்ற கிற்றசாற்றோ, பேர்லினில் றொபேட் கொக் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1889இல் ஏற்புவலிக் கிருமியைப் பிற கிருமிகளின் கலப்பின்றி வளர்த்துக் காட்டினார். மறு ஆண்டில், அக்கிருமியின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதித் தெளிநீரில் உண்டாதலைப் பேறிங் என்பாருடன் சேர்ந்து நிறுவினார். எனினும், 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபெற் பரிசு பேறிங் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

பேர்லினில் இருந்த காலத்திலேயே அவர் மற்றொரு சோதனைக்கும் உள்ளானார். பெரிபெரி நோய்க்குக் கிருமியே காரணமெனத் தாய்நாட்டுப் பேராசிரியர் ஒகாற்றா கூறியதை அவர் மறுத்தெழுதினார். ஒகாற்றாவோ முன்னர் அவருக்குக் கிருமியியல் கற்பித்தவர். அந்நோய் உயிர்ச்சத்துக் குறைவால் வருவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், 1892இல் நாடு திரும்பியவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாது போயிற்று. கல்வியாளர் புக்குசாவா யுகிச்சி துணைநிற்க, அவ்வாண்டிலேயே தோக்கியோவில் அவர் தலைமையில் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று.

1897இல் யப்பானில் வயிற்றுளைவு நோய் கொடிதாகப் பரவியது. முந்திய ஆண்டிற் பட்டம்பெற்று அந்நிலையத்திற் சேர்ந்திருந்த கியோஷி ஷிகா, அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கிற்றசாற்றோ அவருக்கு முறையைக் கற்பித்தார். ஆய்வை அவரே செய்யவிட்டார். 36 நோயாளரை ஆராய்ந்த ஷிகா, அவர்களின் மலத்திலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயுற்றாரின் குருதித் தெளிநீரோடு சேர்ந்தவிடத்து அக்கிருமிகள் ஒன்றோடொன்று திரண்டன. அதுவே நோயின் காரணமென்பதற்குச் சான்றாயிற்று. கட்டுரை வெளிவந்தபோது ஷிகாவின் பெயர் மட்டுமே அதில் நின்றது. தம் பெயரையும் சேர்க்கக் கிற்றசாற்றோ இசைந்திலர். அக்கிருமியினம் இன்று ஷிகெல்லா என மாணாக்கன் பெயராலேயே வழங்குகின்றது. நல்லாசிரியனுக்கு நன்னூலார் நிறைகோலை உவமை கூறியதன் பொருளை இங்குக் காண்கின்றோம்.

1914இல் அரசினர், தலைவரைக் கலந்தாலோசியாது, நிலையத்தைக் கல்வி அமைச்சின்கீழ் மாற்றினர். கிற்றசாற்றோ பதவி துறந்தார். ஷிகா முதலான உதவியாளரும் அவரைப் பின்பற்றி விலகினர். அவ்வாண்டிலேயே கிற்றசாற்றோ தம் பொருளைக்கொண்டு புதிய நிலையமொன்றை நிறுவினார். 2015இல் நோபெற் பரிசு பெற்ற சற்றோஷி ஒமுறா பணியாற்றியதும் அந்நிலையத்திலேயே.

நிருவாகம் என்பது பதிவேடும் பணக்கணக்கும் மாத்திரமன்று. இளையோனுக்குத் தெளிந்த வினாவொன்றைக் கொடுத்தல், முறையைக் கற்பித்தல், அவன் உழைப்பின் புகழை அவனுக்கே விடுதல், மெய்யுரைத்தற்காக அவன் ஒதுக்கப்படாமற் காத்தல் ஆகிய நான்குமே அதன் உயிர்நாடி. இவற்றுள் ஈற்றயலது எளிதுபோலத் தோன்றும். ஆசிரியராகிய எமக்கு அதுவே அரிது.